கன அடியும் பூவாளியும்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் காலையில் பேப்பரைப் பிரித்ததும் கண் தேடுவது அணை நீர்மட்டத்தைத்தான். பெரியாறு எத்தனை அடி, வைகை எத்தனை அடி, திறப்பு எத்தனை கன அடி. 1895ல் பொறியாளர் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து வரும் தண்ணீரில் 14,707 ஏக்கர் இரு போகம் விளைகிற ஊர். கன அடியில் பேசுவது எங்களுக்குப் பிறவிப் பழக்கம். நான் பிழைப்பது மட்டும் லிட்டரில். ஒரு கன அடி என்றால் 28 லிட்டர் சொச்சம். என்னுடைய ஏழு லிட்டர் பூவாளிக்கு நாலு வாளி.

உத்தமபாளையம் பக்கம் சின்னதாக ஒரு நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். நிழல்வலைக்குள் தக்காளி, மிளகாய், கத்தரி. வெளியே ரோஜாவும் பன்னீர் திராட்சைக் கன்றும். இங்கே தோட்டங்களுக்கெல்லாம் சொட்டுநீர்க் குழாய் வந்து ரொம்ப வருசமாச்சு. முளைவிட்டு நாலு நாளான நாற்றுக்கு மட்டும் இன்றைக்கும் பூவாளிதான்.

நாற்று வாங்க வருகிறவர்களில் மொட்டைமாடித் தோட்டக்காரர்கள் கூடிவிட்டார்கள். கம்பத்திலிருந்து வந்த ஒரு தம்பி கேட்டார்: “அக்கா, பத்து லிட்டர் வாளியா வாங்கிட்டா ரெண்டு நடையில முடிஞ்சிரும்ல?”

“தம்பி, பத்து லிட்டர்னா பத்துக் கிலோ. வாளிக் கனம் தனி. அதைத் தூக்கி மாடிப்படி ஏறி, கையை நீட்டிச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க.”

கை கனத்தால் கவனம் போய்விடும். சீக்கிரம் காலி செய்தால் போதும் என்று மொத்தமாகக் கவிழ்க்கத் தோன்றும். வீட்டுக்கு ஐந்து, ஆறு லிட்டர் போதும். இரண்டு வாங்கி இரு கையிலும் தூக்கினால் முதுகு ஒரு பக்கம் சாயாது. வீட்டுக்குள் நாலு தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு லிட்டரே தாராளம்.

கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, வாங்குவதற்கு முன் தண்ணீர் நிரப்பித் தரச் சொல்லுங்கள். நிறைவாளியைத் தூக்கிப் பத்தடி நடங்கள். மூக்கின் நுனி வாளியின் விளிம்பை விடத் தாழ்ந்திருந்தால், நடக்க நடக்க மூக்கு வழியே வழியும். மூக்கு வாளியின் அடியிலிருந்து கிளம்ப வேண்டும். பாதி உயரத்தில் ஒட்டியிருந்தால் கடைசித் தண்ணீர் வருவதற்கு வாளியைத் தலைகீழாக்க வேண்டியிருக்கும். வாய் பாதி மூடியிருப்பது நல்லது, சாய்க்கும்போது மேல்வழியாகச் சிந்தாது. மேலே ஒரு பிடி, பின்னால் ஒரு பிடி என்று இரண்டிருந்தால் ஊற்றும் கை நடுங்காது.

ஆனால் காசு கொடுப்பது அதன் தலைக்குத்தான். மூக்கு நுனியில் மாட்டுகிற, துளை போட்ட மூடியைச் சொல்கிறேன். கடையில் ஷவர் என்பார்கள். பல பிளாஸ்டிக் வாளிகளில் இது பேருக்குத்தான் இருக்கிறது: பெரிய துளை, கோணல்மாணலாக, அச்சில் வார்த்த பிசிறோடு. அதில் வருவது தூறல் இல்லை, நாலைந்து பீச்சல். நல்ல தலையில் துளைகள் ஊசி முனை அளவுக்கு, நெருக்கமாக, ஒரே சீராக இருக்கும். கழற்றி மாட்ட வர வேண்டும், திருப்பியும் வைக்க வர வேண்டும்.

திருப்புவதில்தான் விஷயம். துளைமுகம் வானத்தைப் பார்த்தால் தண்ணீர் மேலே எழும்பி, வளைந்து, வேகம் குறைந்து இறங்கும். தரையைப் பார்த்தால் வாளித் தண்ணீரின் அழுத்தம் முழுக்க நேரே மண்ணில் விழும். நாற்று வளர்க்கிற குழித்தட்டில் இருப்பது தேங்காய் நார்க்கழிவு, காற்று மாதிரி லேசு. பெரிய துளி விழுந்தால் அது தெறித்து வெளியே போகும், வேர் தெரியும், மெல்லிய தண்டு மடங்கும். மண் பாத்தியில் தெறிக்கிற சேற்றோடு நாற்றழுகல் நோயும் பரவும்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அம்மா கோம்பையிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போனவள். வேலை நாற்றங்காலில். ஏல விதை பொடிசு. மேலாக விதைத்து, மெல்ல மண் தூவி, வைக்கோல் மூடி, தினமும் பூவாளியில் தண்ணீர் தெளிக்க வேண்டும். முளைக்க ஒரு மாதம்கூட ஆகும். அதற்குள் ஒரு நாள் முரட்டுத்தனமாக ஊற்றினாலும் விதை மேலே வந்துவிடும். புது ஆள் வந்தால் அம்மா அவள் கையைப் பிடித்து, புறங்கையில் பூவாளியைச் சாய்ப்பாளாம். குத்துகிற மாதிரி இருந்தால் நாற்றுக்கும் குத்தும். ஞள்ளானி என்ற ஏல ரகம் பரவிய பிறகு தூர் பிரித்து நடுவதுதான் அதிகம், விதை நாற்றங்கால் குறைந்துவிட்டது. அந்தப் புறங்கைச் சோதனையை நான் இன்னும் விடவில்லை. கடையிலேயே செய்து பார்க்கலாம்.

நீண்ட மூக்கும் இரட்டைப் பிடியுமாக இன்றைக்கு நாம் பார்க்கும் வடிவமும் ஒரு வாசனைப் பயிரால்தான் வந்தது. ஜான் ஹாஸ் என்ற இங்கிலாந்துக்காரர் மொரீஷியஸ் தீவில் வனிலாக் கொடி வளர்த்தார். கையிலிருந்த பழைய வாளிகள் கனத்து, எட்டாமல், சிந்திக்கொண்டிருந்ததால் தானே ஒன்றை யோசித்து 1886ல் காப்புரிமை வாங்கினார். அவர் பேரில் உள்ள கம்பெனி இன்னும் பூவாளி செய்கிறது. நம் ஆட்கள் கரும்புக் காட்டில் உழைத்த அதே மொரீஷியஸ்.

ஊற்றுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. சாய்த்தவுடன் வருவதும் நிமிர்த்தும்போது சொட்டுவதும் பெரிய துளிகள். அதனால் தட்டுக்கு வெளியே தரையில் ஊற்றத் தொடங்கி, தூறல் சீரானதும் தட்டின் மேல் நகர்த்தி, அந்தப் பக்கம் தாண்டியபின் நிறுத்த வேண்டும். ஒரே மூச்சில் நனைக்காமல், மேலாக ஒரு ஓட்டம், ஊறியதும் இன்னொரு ஓட்டம்.

எங்கள் ஊருக்கென்று ஒரு தொல்லை, ஆனி ஆடிக் காற்று. காற்றாலை வைக்கிற அளவுக்குக் காற்று. அப்போது வானம் பார்த்த தலை உதவாது, தூறல் பக்கத்துப் பாத்திக்குப் போய்விடும். தலையைக் கீழே திருப்பி, வாளியைத் தாழப் பிடித்து, காற்று எழும்புமுன் விடிகாலையில் முடித்துவிடுவேன்.

திராட்சைக் கன்றுக்கும் ரோஜாவுக்கும் தலையையே கழற்றிவிடுங்கள். திராட்சையில் அடிச்சாம்பல், ரோஜாவில் கரும்புள்ளி, இரண்டுமே இலை ஈரத்தில் பிடிக்கிற நோய்கள். மூக்கைத் தூரில் வைத்து மெதுவாக விட்டால் போதும்.

எவ்வளவு ஊற்றுவது என்று கேட்பவர்களுக்கு மழைக் கணக்குச் சொல்வேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் என்பது ஒரு மில்லிமீட்டர் மழை. என் ஒரு வாளி அந்த இடத்தில் ஏழு மில்லிமீட்டர். மண் கறுத்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள், விரலை விட்டுப் பாருங்கள். குழித்தட்டு என்றால் தூக்கிப் பார்த்தால் கனமே சொல்லிவிடும்.

பிளாஸ்டிக்கா தகரமா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. மெல்லிய பிளாஸ்டிக் எங்கள் வெயிலில் நொறுங்கும், தகரம் ஒட்டில் துருப்பிடிக்கும். எதுவானாலும் நிழலில் கவிழ்த்து வையுங்கள். மிச்சத் தண்ணீர் ஒரு வாரம் கிடந்தாலே டெங்குக் கொசு வளர்ந்துவிடும். போர் தண்ணீரின் உப்பு துளைகளை அடைக்கும். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகும், அப்புறம் அந்தத் தலை வீண். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ராத்திரி ஊறப்போட்டு, பழைய பல் பிரஷால் தேயுங்கள். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா ஊற்றுவதானால் பழைய வேட்டியில் வடிகட்டிவிட்டுத்தான்.

மருந்துக்கு வேறு வாளி. இதில் மட்டும் நான் கறார். “நாத்து வைரஸ் பிடிச்சிருச்சு தாயி” என்று ஒரு பெரியவர் சுருண்ட தக்காளி இலையோடு வந்தார். விசாரித்தால், வரப்பில் 2,4-டி களைக்கொல்லி ஊற்றிய வாளியைச் சும்மா அலசிவிட்டு அதிலேயே தண்ணீர் ஊற்றியிருக்கிறார். தக்காளிக்கு அந்த மிச்சமே போதும். என் பண்ணையில் களைக்கொல்லி வாளிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, கதவுக்கு வெளியே தனி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.