விளைச்சல் கணக்கு

ஒரு தேசத்து உழவர் ஒரு ஹெக்டேரில் எடுக்கும் நெல்லில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மற்றொரு தேசத்து உழவர் எடுக்கிறார் என்று ஓர் அட்டவணை கூறுமானால், பின்னவர் தொழில் அறியாதவர் என்று உடனே தீர்ப்பளித்து விடுகிறோம். அதற்கு முன், அளக்கப்பட்டது எது என்று கேட்க வேண்டாமா?

எகிப்தின் நெல் விளைச்சல் ஹெக்டேருக்குச் சுமார் 9 டன். இந்திய அரசின் புள்ளிவிவரமோ அண்மை ஆண்டுகளில் சுமார் 2.8 டன் என்று காட்டுகிறது. ஆனால் முன்னது உமி நீக்காத நெல். பின்னது தீட்டிய அரிசி. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் நெல்லாகக் கணக்கிடுகிறது. நம் அரசு அரிசியாகக் கணக்கிடுகிறது. மூன்று பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்று கொண்டால், 2.8 டன் அரிசி என்பது 4.2 டன் நெல். மூன்றில் ஒன்றாகத் தோன்றியது ஏறத்தாழப் பாதியாகிறது. இக்கணக்கை மாணவர் கையாலேயே கரும்பலகையில் போடச் சொல்வது என் வழக்கம். ஜப்பானியர் முறை இன்னும் வேறு: உமி மட்டும் போக்கி, தவிடு நீங்காத அரிசியை அவர்கள் எடை போடுகின்றனர். நெல், அரிசி, சோறு மூன்றையும் ஆங்கிலம் பெரும்பாலும் ஒரே சொல்லால் குறிப்பதால், இக்குழப்பம் எளிதில் நேர்கிறது.

எஞ்சிய வேறுபாடு மெய்யானதே. எகிப்திய நெல் நைல் நதியின் கழிமுகத்தில், முழுவதும் பாசன நீரால், மேகமற்ற கோடை வெயிலில் விளைகிறது. இந்திய நெல்லில் பெரும்பகுதி வானம் மூடிய பருவமழைக் காலத்துப் பயிர். மழையை மட்டுமே நம்பிய வயல்களும் அதில் பல.

காலத்தால் ஒப்பிடும்போதோ, அளவுகோலே மாறிவிடுகிறது. இடைக்கால இங்கிலாந்தில் விளைச்சலை விதைத்த அளவைக் கொண்டே மதித்தனர். ஒரு மரக்கால் கோதுமை விதைத்தால் ஏறக்குறைய நான்கு கிடைக்கும்; அதில் ஒன்று மறு ஆண்டு விதைக்குப் போய்விடும். இன்று அந்நாட்டில் ஹெக்டேருக்குச் சுமார் 8 டன் விளைகிறது. விதை 200 கிலோ என்று வைத்துக்கொண்டால் அது 40 மடங்கு. அங்குள்ள ராதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் 1843-இல் தொடங்கிய கோதுமைச் சோதனை இன்றும் நடந்துவருகிறது. எருவோ உரமோ இடாத பாத்தி இன்றும் ஏறத்தாழ 1 டன்னே தருகிறது. பக்கத்தில் உரமிட்ட பாத்திகள் பன்மடங்கு தருகின்றன. மண்ணும் மழையும் ஒன்றே.

ஓராண்டுக் கணக்கும் போதாது. ஆஸ்திரேலியாவில் 2005-06-இல் சுமார் 250 லட்சம் டன்னாக இருந்த கோதுமை, மறு ஆண்டு வறட்சியால் ஏறத்தாழ 108 லட்சம் டன்னாகச் சுருங்கியது.

ஒரு போகத்துக் கணக்கும் அப்படியே. வியத்நாமின் மீகாங் கழிமுகத்தில் ஒரே வயல் ஆண்டுக்கு மூன்று போகம் விளைவதுண்டு. அறுவடைப் பரப்பைக் கூட்டும் அட்டவணையிலோ அந்த ஒரு ஹெக்டேர் மூன்று ஹெக்டேராக எண்ணப்படுகிறது.