பச்சைச் சளியும் பழைய இருமலும்

மருந்துக் கடையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர், இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளையோடு ஓர் இளம் தாய். "அண்ணே, மூணு நாளா சளி. முதல்ல தண்ணியா ஒழுகுச்சு, இன்னிக்குப் பச்சையா வருது. நல்லா கேட்கிற மருந்தா குடுங்க." ஆன்டிபயாடிக் பாட்டில் ஒன்று வந்தது. அடுத்தவர் ஒரு பெரியவர். "தம்பி, ஒரு மாசமா இருமல் விடவே மாட்டேங்குது. போன தடவை குடுத்த டானிக்கையே குடுப்பா." அதுவும் வந்தது.

இந்த இருவரில் டாக்டரிடம் அவசியம் போக வேண்டியவர் யார்? பச்சையைக் கண்டு மிரண்டு, நம்மில் பலர் பிள்ளையைத்தான் காட்டுவோம்.

பச்சை எங்கிருந்து வருகிறது?

சளியில் பெரும்பங்கு தண்ணீர்தான். மியூசின் என்ற புரதம்தான் அதைக் கொழகொழப்பாக்குகிறது. உடம்பு நன்றாக இருக்கும்போதும் அது சுரந்துகொண்டேதான் இருக்கும். நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். தூசி, புகை, கிருமி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். போகிப் புகைக்குப் பிறகு மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கரி தெரிகிறதே, அது நுரையீரலுக்குப் போகும் வழியில் பிடிபட்ட கரி.

கிருமி தொற்றியதும் வெள்ளையணுக்கள் அங்கே திரளும். அவற்றில் மைலோபெராக்சிடேஸ் என்றொரு நொதி உண்டு. இரும்பு கலந்த அந்த நொதியின் நிறமே பச்சை. சாதாரண வைரஸ் ஜலதோஷத்திலும் மூன்றாம் நாள், நான்காம் நாள் சளி மஞ்சளாகும், பச்சையாகும். பிறகு தானே தெளியும். இரவெல்லாம் தேங்கி இறுகுவதால் காலையில் நிறம் இன்னும் கூடித் தெரியும். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. நிறத்தை மட்டும் பார்த்து அதை வாங்குவது வீண்.

1921-இல் லண்டனில் ஜலதோஷம் பிடித்திருந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், தன் மூக்குச் சளியையே கிருமி வளர்க்கும் தட்டில் இட்டுப் பார்த்தார். சளியைச் சுற்றியிருந்த கிருமிகள் கரைந்துபோயின. லைசோசைம் என்ற நொதியை அவர் கண்டுபிடித்தது இப்படித்தான். பென்சிலினை அவர் கண்டது அதற்குப் பிறகு, 1928-இல். நாம் சிந்தி எறிவதில் மருந்தும் கலந்திருக்கிறது.

நாளை எண்ணுங்கள்

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் நாள் கணக்கு. மூக்குச் சளி பத்து நாளுக்கு மேலும் குறையவில்லை, குறைந்து வந்தது திடீரென்று கூடிவிட்டது, கடும் காய்ச்சலோடு முகமும் வலிக்கிறது என்றால் சைனஸில் பாக்டீரியா தொற்றியிருக்கலாம்.

அடுத்து, எந்தப் பக்கம்? குழந்தைக்கு ஒரே மூக்குத் துளையிலிருந்து நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே பாசிமணியோ புளியங்கொட்டையோ சிக்கியிருக்கலாம். வீட்டில் குச்சி விட்டுக் கிண்டக் கூடாது. தலையில் அடிபட்டபின் ஒரு பக்கமாகத் தெளிந்த நீர் சொட்டினால், அது மூளையைச் சுற்றியுள்ள நீராகவும் இருக்கலாம்.

நிறமும் சில நேரம் பேசும். காய்ச்சலும் நெஞ்சுவலியுமாக இருக்கும்போது துரு நிறத்தில் சளி வந்தால் நிமோனியாவோ என்று பார்க்க வேண்டும். மூச்சுத் திணறலோடு இளஞ்சிவப்பு நுரை வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். இதயம் திணறும்போது இப்படி ஆகும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு முகம் வீங்கி, மூக்கில் கறுப்பாக வந்தால், 2021-இல் நாம் அஞ்சிய கரும்பூஞ்சை நினைவுக்கு வரட்டும். இருமலில் ஒரு துளி ரத்தம் வந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அந்தப் பெரியவர்

இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். சளியில் ரத்தமே இல்லாமலும், அது வெள்ளையாக இருந்தும்கூடக் காசநோய் இருக்கலாம். அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குக் காசில்லை. மூடியுள்ள சிறு டப்பா தருவார்கள். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, திறந்த வெளியில் நின்று, மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமித் துப்ப வேண்டும். பலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள், அதில் பயனில்லை.

ஊரைவிட்டு ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். காசநோயாளி சானடோரியத்தில் கிடக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மாத்திரையில் குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வுதான்.

அன்று கடையில் பச்சைச் சளிக்குப் பெரிய மருந்து கிடைத்தது; ஒரு மாத இருமலுக்கு அதே பழைய டானிக். சளி துப்பிப் பார்த்தீங்களா ஐயா என்று கடைக்காரர் கேட்கவில்லை. பின்னால் நின்ற நானும் கேட்கவில்லை.