ஞாயிறு என்னும் ஓய்வுநாள்



"ஞாயிற்றுக்கிழமையை விடுமுறையாக்கியவர் யார், ஐயா?" என்று எட்டாந் தர மாணவன் ஒருவன் அண்மையில் என்னிடம் வினவினான். வினா சிறிது, விடையோ நெடியது.

ஞாயிறு என்பது சூரியனுக்குத் தமிழில் வழங்கும் பெயர். பழைய உரோமரும் இக்கிழமையைச் சூரியனுக்கே உரியதாகக் கொண்டனர். கி.பி. 321 ஆம் ஆண்டிலே கொன்ஸ்தந்தீன் பேரரசன், இந்நாளில் நீதிபதிகளும் நகர மாந்தரும் கைவினைஞரும் ஓய்ந்திருக்கக் கட்டளையிட்டான். பருவந் தப்பினால் பயிர் கெடுமாதலின், உழவருக்கு மாத்திரம் விலக்களித்தான். இயேசுநாதர் உயிர்த்தெழுந்த நாளெனக் கிறித்தவர் அதற்கு முன்னரே இந்நாளைப் போற்றி வந்தனர். ஐரோப்பியர் ஆட்சியோடு ஞாயிறு ஓய்வு நம் நாட்டிலும் வேரூன்றியது.

சைவ மக்களுக்கும் ஞாயிறு புறம்பானதன்று. யாழ்ப்பாணத்திலே ஆவணி ஞாயிறுகளில் விரதங் காப்போர் பலர். வல்லிபுர ஆழ்வார் கோயிலில் ஞாயிறுதோறும் அடியார் கூட்டம் நிறைந்திருக்கும்.

1966 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இலங்கையில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. ஞாயிறு வேலைநாளாயிற்று, சந்திரனின் நான்கு நிலைகளுக்குரிய போயா தினங்கள் வார விடுமுறையாயின. பௌத்தர் தம் புனித நாளில் ஓய்ந்து வழிபட வேண்டுமென்பதே நோக்கம். நோக்கம் நன்றே, இடர்ப்பாடு கணக்கிலே இருந்தது. பூரணை முதல் அடுத்த பூரணை வரை ஏறக்குறைய 29½ நாள்கள். அதனை நான்காகப் பகுத்தால் ஏழு நாளுக்குச் சற்று மிகும். எனவே விடுமுறை ஒருகால் ஏழாம் நாளிலும் ஒருகால் எட்டாம் நாளிலும் வந்து, கிழமைக்குக் கிழமை நகர்ந்துகொண்டே சென்றது. கிறித்தவர் தம் ஆராதனை நாளிலே அலுவலுக்குச் செல்ல நேர்ந்தது. வெளிநாட்டு வணிகர் ஓய்ந்திருந்த நாளில் நம் கந்தோர்கள் திறந்திருந்தன. நாம் ஓய்ந்த நாளில் அவர்கள் தொழில் புரிந்தனர். ஈற்றில் 1971 ஆம் ஆண்டுச் சட்டம் ஞாயிற்றை மீண்டும் விடுமுறையாக்கியது. பூரணைப் போயாவும் விடுமுறையாக நிலைபெற்றது. இன்றும் அவ்வாறே உள்ளது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? எல்லோரும் ஒருங்கே இளைப்பாறும்போதுதான் ஓய்வுநாள் பயன் தரும். தந்தைக்கு ஒருநாள், தாய்க்கு ஒருநாள், பிள்ளைக்கு ஒருநாள் என விடுமுறை பிரிந்தால், குடும்பம் கூடியிருப்பது எந்நாளில்?

இவற்றையெல்லாம் அம்மாணவனுக்கு எடுத்துரைத்தேன். பொறுமையுடன் கேட்டிருந்த அவன், "ஐயா, ஞாயிறு எனக்கு நான்கு பிரத்தியேக வகுப்புகள்" என்றான். மறுமொழி கூற எனக்கு நாவெழவில்லை.

பெற்றோரே, ஐந்து ஆண்டுகள் இழந்திருந்து, சட்டத்தால் மீட்டெடுத்த நாள் இது. அதன் ஒரு பாதியையேனும் நம் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுப்போமாக.