ஒரே ரைஃபிள், ரெண்டு வேலை: எதைத் தேர்வு செய்வது?

இது துப்பாக்கி வாங்கச் சொல்ற கட்டுரை இல்ல, பயப்படாதீங்க. நம்ம நாட்டுல வேட்டை குற்றம். ஆனா அமெரிக்காவுல லைசென்ஸ் எடுத்து, சீசன்ல மட்டும் மான் வேட்டையாட சட்டம் அனுமதிக்குது. அங்க புதுசா ஆரம்பிக்கிறவங்க கேக்குற ஒரு கேள்வி, நம்ம டிசைன் பேப்பர்ல வர்ற கேள்வி மாதிரியே இருக்கும்: "பட்ஜெட் கம்மி. ஒரே ரைஃபிள்தான் வாங்க முடியும். மானுக்கும் வார்மின்ட்டுக்கும் அதுவே போதணும். எதை வாங்கலாம்?"

வார்மின்ட்னா பண்ணைக்குத் தொல்லை தர்ற சின்ன விலங்குகள். ஆட்டுக்குட்டியைத் தூக்குற கொயோட்டி, மேய்ச்சல் நிலத்துல வளை தோண்டுற ப்ரெய்ரி டாக் (பேர்லதான் நாய், அது அணில் குடும்பம்).

சிக்கல் எங்க?

ப்ரெய்ரி டாக் ரொம்பச் சின்ன இலக்கு. அதுக்குத் துல்லியம் முக்கியம், சக்தி பெருசா தேவையில்ல. மானோட இதயமும் நுரையீரலும் இருக்கிற பகுதி சுமார் 20 செ.மீ. அகலம். அங்க ஓரளவு துல்லியம் போதும், ஆனா குண்டு உள்ள ஆழமா போகணும்.

இப்போ எதுக்கு முன்னுரிமை? ப்ரெய்ரி டாக்கைத் தவறவிட்டா ஒரு தோட்டா வீண், அவ்வளவுதான். மான் மேல பலம் பத்தாத குண்டு பட்டா, அது காயத்தோட காட்டுக்குள்ள ஓடி, மணிக்கணக்கா துடிச்சு சாகும். அதனால மானுக்குத் தேவையானதை முதல்ல உறுதி பண்ணிட்டு, அப்புறம்தான் மத்தது.

மூணு சாய்ஸ்

.223 ரெமிங்டன்: தோட்டா விலை கம்மி, தோள்ல உதைக்காது. வார்மின்ட்டுக்கு சூப்பர். 55 கிரெய்ன் (3.6 கிராம்) குண்டு குழலை விட்டு வரும்போது ஆற்றல் சுமார் 1,700 ஜூல். மானுக்கு இது விளிம்புல நிக்குது. கொலராடோ மாதிரி சில மாநிலங்கள்ல இந்த காலிபர்ல மான் சுடவே கூடாது.

.30-06: 150 கிரெய்ன் குண்டுக்கு சுமார் 3,800 ஜூல். மானுக்குத் தாராளம். ஆனா உதை பலமா இருக்கும். புதுசா சுடுறவங்க அந்த உதைக்குப் பயந்து, ட்ரிகரை இழுக்கும்போதே உடம்பைச் சுருக்கிடுவாங்க. குறி போயிடும்.

.243 வின்செஸ்டர்: இதுதான் நடுவுல வர்ற ஆள். .308 தோட்டாவோட பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தை மட்டும் குறுக்கி 1955-ல கொண்டு வந்தாங்க. 100 கிரெய்ன் குண்டு நொடிக்கு சுமார் 900 மீட்டர் வேகத்துல போகும். அரை எம் வி ஸ்கொயர் போட்டுப் பாருங்க, 2,600 ஜூல் வரும். உதை .30-06-ல பாதிதான்.

குண்டை மாத்தினா வேலை மாறும்

.243-ல 58 கிரெய்ன் குண்டும் கிடைக்கும், 100 கிரெய்ன் குண்டும் கிடைக்கும். முதல் வகைக்கு மேலுறை மெல்லிசு, பட்டதும் சிதறிடும். வார்மின்ட்டுக்கு அது சரி. தரையில பட்டாலும் உடைஞ்சுடுறதால தெறிச்சுப் போற ஆபத்தும் குறைவு. ஆனா அதையே மான் தோள்ல சுட்டா மேலாகவே சிதறி, உயிரைப் போக்காம காயம் மட்டும் பண்ணலாம். மானுக்குத் தடிச்ச மேலுறை உள்ள, மெதுவா விரிஞ்சு ஆழமா போற குண்டுதான் வேணும்.

ஒண்ணு கவனிங்க: குண்டு மாறினா படுற இடமும் மாறும். ஸ்கோப்பை மறுபடி ஸீரோ பண்ணாம வேட்டைக்குப் போகக் கூடாது.

விலை கம்மின்னா குறி தப்புமா?

மெக்கானிக்கல் மக்களுக்குப் பிடிச்ச இடம் இது. சாவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன் ரெண்டுமே பட்ஜெட் ரைஃபிள்கள். ரெண்டுலயும் பேரலை ஒரு நட் போட்டுப் பூட்டுறாங்க. போல்ட் முகத்துக்கும் தோட்டா உக்கார்ற இடத்துக்கும் உள்ள இடைவெளியை கேஜ் வச்சு சரி பண்ணிட்டு நட்டை இறுக்கினா முடிஞ்சது. ஒவ்வொரு பாகத்தையும் மைக்ரான் கணக்குல கடையத் தேவையில்ல. செலவு மிச்சம், துல்லியம் குறையாது. பிளாஸ்டிக் கட்டை பார்க்க சுமாரா இருக்கும், அவ்வளவுதான்.

மிச்சமாகுற காசை நல்ல ஸ்கோப்புக்கும், பயிற்சிக்கு ரெண்டு மூணு பெட்டி தோட்டாவுக்கும் செலவு பண்ணணும். பயிற்சி இல்லாதவன் கையில எந்த ரைஃபிளும் மானுக்கு நல்லது பண்ணாது.

எம்.எஸ். போகப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்டூடண்ட் விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கி வச்சிருக்க அமெரிக்க ஃபெடரல் சட்டம் பொதுவா அனுமதிக்காது. செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் மட்டும்தான். ரூம்மேட் "சும்மா பிடிச்சுப் பாரு மச்சி"ன்னு நீட்டினாலும், முதல்ல சட்டத்தைப் படிச்சுட்டு கையை நீட்டுங்க.