முகவலிக்குக் கதிர் மருத்துவம்: கண்களுக்கு என்ன நேரும்?

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

விராலிமலை முருகன் கோயில் படிகளில் ஏறும்போது காற்று சிலுசிலுவென்று முகத்தில் அடிக்கும். மற்றவர்களுக்கு அது சுகம். எங்கள் பெரியம்மாவுக்கு அந்தக் காற்றில்தான் முதன்முதலாக வலி வந்தது. வலக் கன்னத்தில் மின்சாரம் பாய்ந்தது போல ஒரு வெட்டு. சில விநாடிகளில் நின்றுவிட்டது. பிறகு முகம் கழுவினால் வந்தது. சோற்றை மென்றால் வந்தது. வாய் திறந்து பேசினாலும் வந்தது. பல்வலி என்று எண்ணி இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டதுதான் மிச்சம். வலி போகவில்லை. இந்நோய் கண்டவர்களில் பலருக்கு இப்படித்தான் முதலில் பல் போகிறது.

மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளில் ஐந்தாவது, முகத்தின் தொடு உணர்ச்சியைச் சுமக்கிறது. நெற்றிக்கும் கண்ணுக்கும் ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று என மூன்றாகக் கிளைப்பதால் இதனை முக்கிளை நரம்பு என்பர். மூளைத்தண்டை விட்டு இது வெளிவரும் இடத்தில் இரத்தக்குழாய் ஒன்று வளைந்து வந்து அழுத்துமானால், நாளடைவில் நரம்பின் மேலுறை தேய்கிறது. உறை தேய்ந்த மின்கம்பிகள் உரசிக்கொள்வது போலச் சாதாரணத் தொடு உணர்ச்சியே வலியாக மாறிவிடுகிறது. பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு, அவர்களிலும் பெண்களுக்கே, இது கூடுதலாக வருகிறது.

முதல் மருந்து கார்பமசிபின் மாத்திரை. அது கேட்காதபோது, அல்லது தலைசுற்றலும் தூக்கமும் தாங்க முடியாதபோது, மண்டையைத் திறந்து இரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கிவைக்கும் அறுவை உண்டு. வயது முதிர்ந்தவர்களும், இதயநோய் உள்ளவர்களும், கத்திக்கு அஞ்சுவோரும் நாடுவது கதிர் அறுவை. பெயரில்தான் அறுவை இருக்கிறது. கத்தியும் இல்லை, இரத்தமும் இல்லை.

இதைப்பற்றிச் சொன்னபோது பெரியம்மா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “ஏத்தா, வலி போனாப் போகுது, கண்ணு அவிஞ்சு போயிடாதே?” இயற்பியல் படிக்கும் எனக்கு உடனே பதில் வரவில்லை. தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

ஸ்வீடன் நாட்டு அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல், 1951-ல் கதிர் அறுவை என்ற கருத்தை வெளியிட்டார். 1953-ல் எக்ஸ் கதிர்க் குழாயைக் கொண்டு முக்கிளை நரம்பு வலிக்கே அதைச் செய்து பார்த்தார். ஆக, இம்முறை பிறந்த வீட்டிலேயே இந்த வலிக்கு இடம் இருந்தது. 1968-ல் அவருடைய முதல் காமா கத்தி இயங்கத் தொடங்கியது. இந்தியாவில் புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 1997-ல் காமா கத்தி வந்தது. கதிர்க்குழலை இயந்திரக் கையில் ஏந்தி வரும் சைபர் கத்தி 2009-ல் சென்னை அப்போலோவுக்கு வந்தது.

காமா கத்தியின் தத்துவம் எளிது. உருப்பெருக்கியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்கி விளையாடாத பிள்ளை நம் ஊரில் உண்டா? ஆனால் காமா கதிரை எந்தக் கண்ணாடியாலும் வளைத்துக் குவிக்க இயலாது. எனவே கோபால்ட்-60 துண்டுகள் பலவற்றைத் தலையைச் சுற்றி நிறுத்தி, ஒவ்வொன்றின் கதிரையும் ஒரே புள்ளியை நோக்கி விடுகிறார்கள். பழைய கருவிகளில் 201 துண்டுகள். 2006-க்குப்பின் வந்த வகையில் 192. முகவலிக்குப் பயன்படும் கதிர்த்துளையின் அளவு 4 மில்லிமீட்டர்.

கதிர் அளவின் அலகு கிரே. ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உறிஞ்சினால் அது ஒரு கிரே. பழைய பாடநூல்களில் வரும் ராட் கணக்கில் 100 ராட். நரம்பின் வேரில் குவிப்பது 70 முதல் 90 கிரே வரை. 80 என்று வைத்துக்கொண்டு 192-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு கதிரின் பங்கு சராசரியாக 0.4 கிரேக்குச் சற்று மேல். குவியும் இடத்தில் நெருப்பு, வழியிலோ இளஞ்சூடு.

கண்ணின் சிக்கல் இங்கேதான் எழுகிறது. தலையைச் சுற்றி வரும் கதிர்களில் சில கண் வழியாக நுழையக்கூடும். அப்படி ஒரு கதிர் கண்வில்லையில் நேராகப் பட்டால் அதற்கு ஏறத்தாழ அரை கிரே சேரும். மூளைத்திசு உறிஞ்சுவதற்கு முன்பே கதிர் கண்ணைக் கடப்பதால், குவியத்தில் சேரும் பங்கைவிடக் கண்ணில் சேர்வது சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அரை கிரே என்ற இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

கண்வில்லை விசித்திரமான உறுப்பு. அதற்கு இரத்த ஓட்டம் கிடையாது. தோல் தன் பழைய செல்களை உதிர்ப்பது போல வில்லையால் உதிர்க்க முடியாது. கதிரால் கெட்ட செல்கள் மெல்ல நகர்ந்து வில்லையின் பின்புறத்தில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புரையாக மங்குகின்றன. பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்புக் குழு 2011-ல், புரை தோன்றுவதற்கான எல்லை 0.5 கிரே என்று அறிவித்தது. அதற்கு முன்பு பார்வையைக் கெடுக்கும் புரைக்கு இதைப்போலப் பல மடங்கையே எல்லையாகக் கொண்டிருந்தார்கள். முன்பு பாதுகாப்பு என்று எண்ணியது இன்று விளிம்பில் நிற்கிறது என்று பொருள்.

ஆகையால் கண் வழியே போகும் கதிர்களை அடைத்துவிடுகிறார்கள். பழைய கருவியில் அந்தந்தத் துளைக்குத் தனித்தனி அடைப்பான். புதியதில் 24 துண்டுகள் கொண்ட பிரிவு எட்டு. வேண்டாத பிரிவை மூடலாம், அல்லது நோயாளியின் தலைச் சாய்வை மாற்றி வைக்கலாம். சைபர் கத்தியில் கண் வழிப் பாதைகளைக் கணிப்பொறித் திட்டத்திலேயே விலக்கிவிடலாம். ஆனால் அடைப்பது இலவசமல்ல. மீதிக் கதிர்கள் அதிக நேரம் பாய வேண்டும். குவியத்தின் வடிவமும் கோணும். அது மூளைத்தண்டின் பக்கம் நீண்டால் வேறு வினை. கண்ணையும் காத்து மூளைத்தண்டையும் காக்கும் இந்தக் கணக்கைப் போடுபவர் மருத்துவ இயற்பியலாளர். (நம் துறை மாணவர்கள் கவனிக்க: அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கு முதுகலைப் படிப்பு இருக்கிறது.)

புரை வந்தாலும் வழி இருக்கிறது. வில்லையை மாற்றுவது இன்று எளிய சிகிச்சை. 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதவர் நம் பக்கத்தில் இல்லை. பார்வை நரம்பு சேதமுற்றால்தான் திருப்பித் தர இயலாது. ஒரே முறையில் 8 முதல் 10 கிரே வரை அது தாங்கும் என்பர். முகவலிச் சிகிச்சையில் அந்த நரம்பு குவியத்திலிருந்து தள்ளியே இருக்கிறது.

என் கருத்தில், புரையைவிட அதிகம் அஞ்ச வேண்டிய ஒன்றை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சிகிச்சைக்குப் பின் சிலருக்கு முகம் மரத்துப்போகிறது. அந்த மரப்பு முதற்கிளையைத் தொட்டால் கருவிழியும் உணர்விழக்கும். தூசி விழுந்தால் உறுத்தாது; உறுத்தாததால் கண் சிமிட்டாது, கண்ணீர் சுரக்காது. நெல்தாளோ உமியோ கீறினாலும் தெரியாது. வயல்வேலை செய்வோருக்குக் கருவிழிப் புண் சாதாரணமாக வரும் மாவட்டங்கள் நம்முடையவை. வலி இருந்தால் மறுநாளே மருத்துவரிடம் ஓடுவோம். வலியே இல்லையென்றால்?

பெரியம்மாவிடம் இவ்வளவையும் சொன்னேன். வில்லை, புரை என்பதையெல்லாம் கேட்டுத் தலையாட்டினார்கள். தூசி உறுத்தாது என்றபோதுதான் முகம் மாறியது. சென்னை சென்றபோது மருத்துவரிடம் அந்தக் கேள்வியைத் தாமே கேட்டார்கள். கதிர் பாய்ந்த அன்றே வலி நிற்காது, வாரங்கள் ஆகும் என்று அவர் சொன்னபடியே, ஒன்றரை மாதம் கழித்து வெட்டு குறைந்தது. உதட்டோரம் கொஞ்சம் மரப்பு, கண்ணில் இல்லை. இருந்தாலும் களத்தில் நெல் தூற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறார்கள். “என்ன ஆத்தா, சினிமாவுல நடிக்கப் போறியளா?” என்று சிறுவர்கள் கேட்கிறார்கள். இரவு படுக்கும் முன் என்னைக் கூப்பிட்டு, டார்ச் அடித்துக் கண் சிவந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள்.