முதல் துளிப் பாலுக்கு முன்: பிறவி உணவுக்குழாய் அடைப்பு

கருவின் நான்காம் வாரத்தில் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் ஒரே குழாயாகவே தோன்றி, பின்னர் இரண்டாகப் பிரிகின்றன. இப்பிரிவு முறையாக நிகழாதபோது, பெரும்பாலான குழந்தைகளில் உணவுக்குழாயின் மேற்பகுதி மூடிய பைபோல் நின்றுவிடுகிறது. இரைப்பையிலிருந்து வரும் கீழ்ப்பகுதியோ மூச்சுக்குழாயுடன் இணைந்துவிடுகிறது. ஏறத்தாழ 3,000 முதல் 4,500 பிறப்புகளில் ஒன்றில் இக்குறைபாடு காணப்படுகிறது. கிரகணத்தன்று தாய் வெளியில் வந்ததோ, பப்பாளி உண்டதோ இதற்குக் காரணமன்று.

எவ்வாறு அறிவது?

கர்ப்பகாலத்தில் பனிக்குடநீர் மிகுந்திருப்பது ஒரு குறிப்பு. பிறந்தபின், துடைக்கத் துடைக்க வாயில் நுரைத்த உமிழ்நீர் வழியும். பாலூட்டினால் குழந்தை இருமித் திணறும். உடல் நீலம் பாயும். இத்தகைய குழந்தைக்குச் சேனை வைப்பதும், சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும் ஆபத்தானவை. அத்துளிகள் நுரையீரலுக்குள் செல்லக்கூடும். நுரை கண்டால் எதுவும் ஊட்டாமல் உடனே செவிலியரிடம் கூறுங்கள். வாய்வழியே செலுத்தும் மெல்லிய குழாய் சுமார் 10 செ.மீ. அளவில் தடைபட்டு நிற்பதையும் எக்ஸ்-ரே படத்தையும் கொண்டு நாங்கள் நோயை உறுதிசெய்கிறோம். இதயம், சிறுநீரகம், முதுகெலும்பு, ஆசனவாய் ஆகியவற்றையும் பரிசோதிக்கிறோம். ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு வேறொரு குறைபாடும் உடனிருக்கும்.

சிகிச்சை

1941இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கேமரன் ஹைட் என்னும் அறுவை மருத்துவர், இரு முனைகளையும் ஒரே அறுவையில் இணைத்து முதல் வெற்றி கண்டார். இன்று வசதியுள்ள மையங்களில், கடும் இதயக் குறைபாடு இல்லாத நிறைமாதக் குழந்தைகளுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் பிழைக்கின்றனர். முனைகளுக்கிடையே இடைவெளி மிகுந்திருந்தால், இரைப்பையில் பொருத்திய குழாய்வழியே பாலூட்டிச் சில காலம் காத்திருக்க நேரிடும்.

வீடு திரும்பிய பின்

குரைப்பது போன்ற இருமல் சில ஆண்டுகள் நீடிக்கலாம். மூச்சுக்குழாயின் சுவர் மென்மையாக இருப்பதே அதன் காரணம். இணைத்த இடம் தழும்பால் சுருங்கினால் விரிவாக்கச் சிகிச்சை தேவைப்படும். திட உணவை நன்கு மசித்து, சிறு கவளங்களாக, இடையிடையே நீருடன் கொடுங்கள். உணவு சிக்கிக்கொள்ளுதல், அடிக்கடி நிமோனியா, எடை கூடாமை ஆகியவை தோன்றினால் எங்களிடம் அழைத்து வாருங்கள். ஊட்டும்போது குழந்தை நீலம் பாய்ந்தால் ஒரு நொடியும் தாமதிக்க வேண்டாம்.

அறுவைச் சிகிச்சைக் குறிப்புகளைப் பத்திரப்படுத்துங்கள். குழந்தை வளர்ந்து பெரியவரான பின்னரும் எம்மருத்துவரிடம் சென்றாலும் அவற்றைக் காட்டுவது அவசியம்.