வாளைக் காட்டி வசூல் பண்றவனுக்கு இந்த ஊர்ல இடமில்ல

வழக்கமா எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், பிஎஃப்னு பேசுற நாம இன்னைக்கு கொஞ்சம் பின்னாடி போகப் போறோம். கொஞ்சம்னா, சோழர் காலம் வரைக்கும்.

பொன்னேரி பக்கம் காட்டூர்னு ஒரு ஊர் இருக்கு. ஆவடி, அம்பத்தூர் ஆட்களுக்கு ரெட் ஹில்ஸ் தாண்டினா கிட்டதான். அங்க இருக்கிற ஒரு கல்வெட்டு சொல்ற விஷயம் இதுதான். வணிகர்கள் எல்லாரும் மயிலார்ப்பில், அதாவது நம்ம மயிலாப்பூரில் கூடுறாங்க. கூடிப் பேசி, அய்யப்புழல்னு முன்னாடி பேர் இருந்த காட்டூரை இனிமே 'வீரபட்டினம்'னு ஆக்குறாங்க. அங்க குடியிருக்கிறவங்க சமூகத்துக்குக் கட்ட வேண்டிய பொதுப் பங்களிப்பு எல்லாம் தள்ளுபடி.

அதோட ஒரு விதியும் போடுறாங்க. வாளை உருவி மிரட்டியோ, ஆளைப் பிடிச்சு வெச்சோ வரியும் சுங்கமும் கேக்குற வணிகன் இந்த ஊர்ல இருக்கக் கூடாது. சும்மா சும்மா மக்களோட சோத்துல கை வைக்கிறவன், வேற விதமா வதைக்கிறவன், அவனும் கூடாது. மீறினா வணிகர் சமூகத்திலிருந்தே விலக்கு.

இதைப் படிச்சதும் எனக்கு ரெக்கவரி ஏஜென்ட்தான் ஞாபகம் வந்தாங்க. உங்களுக்கும் வந்திருக்கும்.

இந்த விதியைப் போட்டது ராஜா இல்ல, இதுதான் இதுல முக்கியம். இங்கிலாந்துல அதே காலகட்டத்துல ஒரு ஊர்ல சந்தை நடத்தணும்னா ராஜா உரிமைப் பத்திரம் கொடுக்கணும். இங்க, ஐந்நூற்றுவர், நானாதேசி, வளஞ்சியர் மாதிரியான வணிகக் குழுக்களே ஒரு ஊரை சந்தை ஊரா அறிவிச்சிருக்காங்க. தனியா படையும் வெச்சிருந்தாங்க. சரக்கோட காட்டுவழியில போறப்போ காவல் வேணும் இல்லையா? அந்த வீரர்களோட பேர்லதான் எறிவீரபட்டினம், வீரபட்டினம்னு ஊர்ப் பேர்கள் வருது. ஆயுதம் கையில இருக்கிறவன் அதைக் காட்டி காசு பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும்? அதனாலதான் தங்கள் ஆட்களுக்கே கடிவாளம் போட்டிருக்காங்க. சோழர் காலம் பொற்காலம்னு சொல்ல வரல. விதின்னு ஒண்ணு போட்டிருக்காங்கன்னா, அந்தத் தொல்லை நிஜமா நடந்திருக்குன்னுதான் அர்த்தம்.

தண்டனையையும் கவனிங்க, ஊர்விலக்கு மாதிரி வணிகர் விலக்கு. நம்பிக்கையில கடன் வாங்கி, நம்பிக்கையில சரக்கு அனுப்புற தொழில்ல விலக்கிட்டா அவன் கதை முடிஞ்சது.

நம்ம ஏரியாவும் இந்த வரைபடத்துக்குள்ளதான் இருந்தது. தொண்டை மண்டலத்தை 24 கோட்டமா பிரிச்சிருந்தாங்க. அம்பத்தூர் புழல் கோட்டத்துல ஒரு தனி நாடு. மாங்காடு, குன்றத்தூர் பக்கம் புலியூர் கோட்டம். பூந்தமல்லிக்கும் ஒரு வணிகர் கதை உண்டு. 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்த திருக்கச்சி நம்பி அந்த ஊர் செட்டியார் வீட்டுப் பிள்ளை. அப்பா கொடுத்த சொத்தைத் தொழில்ல போடாம பூந்தோட்டம் போட்டு, காஞ்சி வரதருக்குப் பூ கொண்டு போனாராம். ஒரு நடைக்கு 50 கிலோமீட்டர் சொச்சம். எந்த ஃபைனான்ஷியல் பிளானர்கிட்ட சொன்னாலும் தலையில அடிச்சுப்பார். ஆனா ஊர் ஞாபகம் வெச்சிருக்கிறது அவரைத்தான்.

சரி, அந்தக் காலத்து வட்டி எவ்வளவு? அதுக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாக்கணும். கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்குக் கடனா கொடுத்து, ஒரு காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு பலிசை வாங்கியிருக்காங்க. பலிசைன்னா வட்டி, அரைக்கால்னா எட்டுல ஒரு பங்கு. அதாவது 12.5%. இன்னைக்கு பர்சனல் லோன் வட்டிக்கு ரொம்ப தூரமில்ல! உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒண்ணு எழும்பூர் மியூசியத்துல இருக்கு. அதுல காஞ்சிபுரத்து நெசவாளர் சேரிகள்கிட்ட பொன் டெபாசிட் பண்ணி, வட்டியில சித்திரைத் திருவிழா நடத்தணும்னு ஏற்பாடு. முதல் அப்படியே இருக்கும், வட்டி மட்டும்தான் செலவாகும். யார்கிட்ட கொடுத்தோம், வட்டி எதுக்குப் போகணும், எல்லாம் செம்புல எழுத்தா இருக்கு.

இப்ப ஒரு லோன் ஆப் கணக்கைப் பாருங்க, உதாரணத்துக்குத்தான். 5,000 ரூபாய் கடன். பிராசஸிங் ஃபீஸ் போக கையில வர்றது 4,100. 14 நாள்ல 5,000 திருப்பணும். 4,100-க்கு 900 வட்டி, ரெண்டே வாரத்துல கிட்டத்தட்ட 22%. வருஷத்துக்குக் கணக்குப் போட்டா 570%-ஐ தாண்டும், கூட்டு வட்டி சேர்க்காமலே. மாசக் கடைசியில சம்பளம் வர்றதுக்கு முன்னாடி சிக்குற ஐடி பசங்க, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பசங்கதான் இதுக்குக் குறி.

காட்டூர்ல வணிகர்கள் தங்களுக்குள்ள போட்ட விதியை இப்ப ஆர்பிஐ போடுது. ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னாடியும் மாலை 7 மணிக்கு அப்புறமும் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாதுன்னு 2022-ல உத்தரவு வந்தது. அதே வருஷம் வந்த டிஜிட்டல் கடன் விதிப்படி, எல்லாக் கட்டணமும் சேர்த்த வருட வட்டியை முன்கூட்டியே எழுத்துல காட்டணும். உங்க கான்டாக்ட் லிஸ்ட், போட்டோ எதையும் ஆப் தொடக் கூடாது. வசூல் அத்துமீறலுக்கு எதிரா தமிழ்நாட்டு அரசும் 2025-ல தனிச் சட்டம் கொண்டு வந்தாச்சு.

என்ன ஒண்ணு, காட்டூர்ல தப்பு பண்ணவன் யாரு, எந்தக் குழுன்னு ஊருக்கே தெரியும். திருட்டு ஆப்புக்கு ஊரும் இல்ல, குழுவும் இல்ல. அதனால கடன் வாங்குறதுக்கு முன்னாடி அந்த ஆப்புக்குப் பின்னாடி இருக்கிற வங்கி இல்ல என்பிஎஃப்சி பேரைக் கேளுங்க, அது ஆர்பிஐ பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. பேர் சொல்லலன்னா அன்இன்ஸ்டால். ஏற்கனவே மாட்டிக்கிட்டு மிரட்டல் வந்துட்டு இருக்கா? கால் ரெக்கார்டு, ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீங்க. 1930-க்கு ஒரு போன் போட்டு சைபர் கிரைம்ல புகாரைப் பதிவு பண்ணுங்க.